பூஜைக்கு அணைத்த கணினி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், 'இத்தனை பேர் ஓடிவந்து உதவினார்களே, தங்கமான பெண்ணாக இருந்திருப்பாள்' என்று யாராவது நினைத்துவிடக்கூடும். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் நான் வருவதைப் பார்த்தாலே பேச்சை நிறுத்திக்கொள்பவர்கள் இருந்தார்கள். கடைசியில் ஓடிவந்ததும் அவர்களேதான். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மலாயா நாடு விடுதலை பெற்ற வருடத்தில் மலாக்காவில், காஜா பெராங்கில் பிறந்தவள் நான். அப்பாவுக்கு இதை வைத்து என்னைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. "நீயும் நாடும் ஒரே வயசு. நாடு எங்கேயோ போயிருச்சு, நீ இன்னும் சோத்தைக் குழைய விட்டுக்கிட்டு இருக்கே" என்பார்.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒரு பொடிச் சில்லின்மேல் ஒட்டவேண்டும். அதுதான் வேலை, காலையிலிருந்து மாலை வரை. தொழிற்சாலை பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும், சம்பளமும் பரவாயில்லை. வருடங்கள் அப்படியே ஓடின. பிறகு தலைவலி வர ஆரம்பித்தது. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. எதிரே வரும் பஸ்ஸின் எண் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இந்த வேலையை விடாவிட்டால் கொஞ்ச வருடத்தில் பேப்பர் படிக்கவே திண்டாடுவாய் என்று சொன்னார்.

மேலாளரிடம் அழாத குறையாகக் கேட்டு அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்கு மாறினேன். அந்தச் சமயத்தில்தான் அங்கே கணினி வந்திருந்தது. இப்போது போல ஆளுக்கு ஒன்று இல்லை. கண்ணாடி அறைக்குள் ஒரே ஒரு பெரிய பெட்டி இருக்கும். அதிலிருந்து கம்பிகள் போய், ஆர்டர் பிரிவு, கணக்குப் பிரிவு, எதிர்க் கட்டடத்துக் கிடங்கு என்று எல்லா மேசையிலும் பச்சை எழுத்துத் திரைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த ஒரே பெட்டியைத்தான் உபயோகித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒரு நாள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அச்சுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவருடைய தடித்த ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துப் புரட்டியவள் நான் ஒருத்திதான். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் சீனர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்; கோலாலம்பூரைக்கூடக் கே.எல். என்று சுருக்கிவிடுவார்.

"மூணு மாசம் நீ பார். சரியா வந்தா வேலை உனக்கு. வராட்டி கே.எல்.லருந்து ஆள் கூப்பிடுவேன்."

"வராட்டி நான் தட்டச்சுக்கே திரும்பிப் போகலாமா, பாஸ்?"

"அந்த நாற்காலிக்கு ஆள் போட்டாச்சு. மைக்ரோஸ்கோப்பில்தான் இடம் இருக்கு."

அந்த நிமிடத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. திரும்ப அந்தக் குழாயில் கண்ணை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பஸ்ஸிலும் படித்தேன், சோறு வடிக்கும்போதும் படித்தேன். சோறு இன்னும் குழைந்தது. புத்தகத்தின் ஆங்கிலம் என்னைக் கண்டால் முறைக்கும். ஒரு பக்கத்துக்குள் பத்துத் தடவை அகராதியைத் தூக்குவேன். ஒவ்வொருவருக்கும் கணினிக்குள் வீடுபோல் ஒரு தனி இடம் திறந்து கொடுப்பது, கடவுச்சொல் போடுவது, யார் எதைப் பார்க்கலாம் யார் எதைத் தொடக்கூடாது என்று வேலி கட்டுவது, மாலையில் எல்லாவற்றையும் நாடாவில் படியெடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. இப்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் அத்தனை பேரையும் வரிசையாகக் காட்டும் ஒரு கட்டளை உண்டு. அதை முதல் தடவை அடித்தபோது, மாடியில் நின்று பசாரைப் பார்ப்பதுபோல் இருந்தது. வேலையே இல்லாவிட்டாலும் அதை அடித்து அடித்துப் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்ததில்தான் வம்பு ஆரம்பித்தது. ஆர்டர் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்கள் பல பேர், பட்டியலில் இருப்பதோ ஒரே பெயர். எல்லாத் திரையிலும் என் தோழி ஒருத்தியே உட்கார்ந்திருப்பதாகக் கணினி சொன்னது. லீவு போட்டு வீட்டில் இருக்கும் நாளிலும் அவள் ஆர்டர் பதிந்துகொண்டிருந்தாள். காலையில் ஒருத்தி வந்து அவள் பெயரில் திறந்துவிடுவாள், மற்றவர்கள் எல்லோரும் அதிலேயே வேலை செய்வார்கள். "நம்ம ஆளுங்கதானே" என்றார்கள்.

அந்தத் தோழியைப் பற்றிச் சொல்லவேண்டும். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து குடியேறிய, காஜா பெராங்கின் செட்டி குடும்பத்துப் பெண். எங்களைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுவாள், பெருநாளுக்கு மலாய்ப் பெண்களைப் போல் சாரோங் கெபாயா உடுத்துவாள். வீட்டில் அவர்கள் பேசுவது மலாய். தமிழ் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்து வரும். நாங்கள் இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம், அவள் பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன். மைக்ரோஸ்கோப் வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. எனக்கு முன்பே அலுவலகத்துக்கு மாறிவிட்டாள்.

நான் யார் சொல்லையும் கேட்கவில்லை. புத்தகத்தில் ஆளுக்கொரு பெயர் வேண்டும் என்று போட்டிருக்கிறது, மூன்று மாதம் முடிவதற்குள் எல்லாம் புத்தகப்படி இருக்கவேண்டும். மூன்றாவது மாதம் பிறந்ததும் அந்தப் பொதுப் பெயரை மூடிவிட்டு ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகத் திறந்தேன். கடவுச்சொல்லில் பிள்ளை பெயர் கூடாது, வீட்டுக்காரர் பெயர் கூடாது என்றேன். உடனே பாதிப் பேர் 'முருகன்' என்று போட்டார்கள். எனக்கு வந்ததே கோபம். "சாமி பேரும் கூடாது" என்று கத்தினேன். "பெரிய மேடம் வந்துட்டாங்க" என்று என் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். தோழி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். யார் எவ்வளவு பதிந்தார்கள் என்று மாதாமாதம் மேலாளருக்குப் போகும் கணக்கில் இனித் தனித்தனிப் பெயர் வரும். வாரம் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். அவள் பெயர் அடியில் கிடந்தது. என்மேல் உள்ள வீம்பில் வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே மாதத்தில் ஆயுத பூஜை வந்தது. பராமரிப்புப் பட்டறையில் மூத்தவரான அண்ணன் ஒருவர், வருடம் தவறாமல் தொழிற்சாலையில் பூஜை போடுபவர், என் அறை வாசலில் வந்து நின்றார்.

"லேத்துக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம். உன் பெட்டிக்கு ஒண்ணும் கிடையாதாம்மா? ராவும் பகலுமா ஓடுது பாவம்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நான் பொறுப்பேற்றதிலிருந்து அந்தப் பெட்டியை அணைத்ததே இல்லை. காற்றாடிகளில் தூசி அடை அடையாக இருந்தது. முறைப்படி அணைக்கும் விதத்தைப் புத்தகத்தில் படித்ததோடு சரி. மேலாளரிடம் கேட்டேன். அவர் அறையிலும் ஊதுபத்தி புகையும், அதனால் பூஜை என்றதும் முகம் சுளிக்கவில்லை.

"கும்பிடு. திங்கள் காலையில் எல்லாத் திரையும் எரியணும். கப்பலுக்குச் சரக்கு போகுது. எரியாட்டி கே.எல்.லுக்குப் போன் பண்ணிடுவேன்."

சனிக்கிழமை மதியம், வேலையைச் சேமித்துவிட்டு வெளியே வரும்படி எல்லாத் திரைக்கும் செய்தி அனுப்பினேன். பட்டியலில் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. என் பெயர் மட்டும் மிஞ்சியதும் பெட்டியை அணைத்தேன். காற்றாடி நின்றதும் அறை அவ்வளவு அமைதியாகிவிட்டது, எனக்கே என்னவோபோல் இருந்தது. தூசியைத் துடைத்தேன். கற்பூரம் என் அறைக்குள் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அண்ணன் வெளி நடையில் மேசை போட்டு, ஸ்பேனர், திருப்புளி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்துப் பரப்பினார். பெட்டியின் கதவில் ஒரே ஒரு பொட்டு. கும்பிட்டோம், சுண்டல் தின்றோம்.

பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது என்பார்கள். எனக்குப் பொறுக்குமா? சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மாலையே பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். என் முன்னால் இருந்த திரையில் எழுத்துகள் ஓடி, பெயர் கேட்டு நின்றது. அப்பாடா என்று எழுந்து கூடத்துக்குப் போனால், கண்ணாடி அறையை ஒட்டிய நாலைந்து திரைகள் மட்டும் எரிகின்றன. மற்றதெல்லாம் இருட்டு.

உட்கார்ந்து தேடியபோது விஷயம் புரிந்தது. பெட்டி விழிக்கும்போது எந்தெந்தக் கம்பியில் திரை இருக்கிறது என்று ஒரு கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். சிங்கப்பூர் போன ஆள், ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுத் திரைகளைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார், அந்தக் கோப்பில் எழுதவே இல்லை. அணைக்காத வரை அது நினைவில் வைத்திருந்தது. அணைத்ததும் மறந்துவிட்டது. எந்தக் கம்பி யாருடையது என்று எங்கேயும் குறிப்பில்லை. பின்னால் போய்ப் பார்த்தால், ஒரே மாதிரிச் சாம்பல் நிறக் கம்பிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கிடங்குக் கட்டடத்துக்குப் போகும் இணைப்பும் செத்துக் கிடந்தது.

பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் வந்து என்னவென்று கேட்டார், சொன்னேன். மேற்கொண்டு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த தோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள்மேலும் எரிச்சல் வந்தது.

மறுநாள் ஞாயிறு, விஜயதசமி. முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சொல்லை அனுப்பிவிட்டு, எந்தத் திரையில் வந்தது என்று கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்து, திரும்ப ஓடிவந்து எழுதினேன். பாதிச் சொற்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. எல்லா மேசையையும் சுற்றிப் பார்ப்பதற்குள் மூச்சு வாங்கியது. இப்படியே போனால் திங்கள் காலை நான் மைக்ரோஸ்கோப்பில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது.

ஆர்டர் பிரிவு மொத்தமும் வந்திருந்தது. கணக்குப் பிரிவிலிருந்தும் சிலர். கோவிலுக்குப் போன பூவோடு அப்படியே வந்திருந்தார்கள். தோழியின் கையில் வாழையிலையில் கட்டிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள். அண்ணன் எல்லோருக்கும் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"என்ன செய்யணும், சொல்லு" என்றாள் தோழி. சிரிக்கவில்லை.

"உங்கவுங்க இடத்துல உட்காருங்க. திரையில எழுத்து வந்தா சத்தம் போடுங்க" என்றேன்.

ஒவ்வொரு கம்பியாக, 'யார்' என்று மலாயில் கேட்டு அனுப்பினேன். கூடத்திலிருந்து பதில் வந்தது. "எனக்கு வந்திருச்சுக்கா." "சாயா, நான்தான்." "இங்க, இங்க." ஒரு கம்பிக்கு யாருமே குரல் கொடுக்கவில்லை. மூலையில் அச்சுப்பொறி கரகரவென்று காகிதத்தைத் துப்பியதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் கோப்பில் எழுத எழுத, அண்ணன் அந்தந்தக் கம்பியில் பெயர் எழுதிய துண்டைக் கட்டினார்.

நடுவில் ஒரு கம்பிக்குப் பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். பிறகு பக்கத்து மேசைப் பெண் எழுந்து எட்டிப் பார்த்து, "இவளுக்குத்தான் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தாள். என் தோழியின் திரை. எழுத்து பளிச்சென்று நடுவில் நின்றுகொண்டிருந்தது. அவள் திரைக்கு வெகு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி அறையிலிருந்து நான் அதைப் பார்த்துவிட்டேன். வீம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னைப் போலவே அவள் கண்ணும் மைக்ரோஸ்கோப்பில் போயிருந்தது, அவளால் படிக்க முடியவில்லை. ஆர்டர் பிரிவே அவள் பெயரில் பதிந்துகொண்டிருந்தது அதற்காகத்தான். எல்லாம் ஒரே பெயரில் போனால் யார் கை மெதுவாகப் போகிறது என்று மேலே தெரியாது. நான் பெயரைப் பிரித்துவிட்டேன். மாத முடிவில் அந்தக் கணக்கு மேலாளர் மேசைக்குப் போகப்போகிறது. இது தெரிந்தும் அவள் எனக்காகச் சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அப்போது பேசியிருந்தால் அழுதிருப்பேன். அடுத்த கம்பிக்கு அனுப்பினேன்.

கிடங்குதான் கடைசிச் சிக்கல். அங்கே போயிருந்த பெண் தொலைபேசியில் ஒன்றும் வரவில்லை என்றாள். அந்த இணைப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடையின் கோடி வரை போனேன். கம்பியின் முனையில் விரல் நுனி அளவு உலோக மூடி ஒன்று இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே போகிற சமிக்ஞை முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். முனை மொட்டையாக இருந்தது.

"அண்ணே, இங்க ஒரு மூடி இருந்துச்சே?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "தூசி மூடின்னு நினைச்சேம்மா. பளபளன்னு இருந்துச்சு, கழுவி சாமிகிட்ட வச்சிட்டேன்."

போய்ப் பார்த்தால், ஸ்பேனர்களுக்கு நடுவே, நெற்றி நிறையச் சந்தனத்தோடு உட்கார்ந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் நான் போட்ட சத்தத்தில் கூரை பறந்திருக்கும். அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது. புனர்பூஜை முடியாமல் எடுக்கக்கூடாதே என்று அண்ணன் தயங்கினார். பிறகு அவரே, "இன்னிக்கு விஜயதசமிதானே" என்று கற்பூரத்தை ஏற்றினார். எல்லோரும் வந்து நின்று கும்பிட்டார்கள். மூடியை எடுத்து என் கையில் கொடுத்தார். சந்தனத்தைத் துடைத்து, ஊதி, முனையில் திருகினேன். தொலைபேசியில், "வந்துருச்சு, வந்துருச்சு" என்றாள் கிடங்கில் இருந்தவள்.

கற்பூரப் புகை அடங்குமுன் மேலாளர் உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமை இத்தனை பேர் வந்திருப்பதைக் காவலாளி போன் செய்து சொல்லியிருக்கிறார். நான் நடந்தது முழுவதையும் சொன்னேன். மறைத்துப் பேச எனக்கு வராது.

"இன்னும் எது பாக்கி?"

"உங்க திரை மட்டும்தான், பாஸ். உங்க அறை பூட்டியிருக்கு. நீங்க போய் உட்காரணும்."

அவர் போய் உட்கார்ந்தார். நான் அனுப்பினேன். "வந்துட்டது" என்று உள்ளேயிருந்து எல்லோரையும் போலவே சத்தம் போட்டார்.

திரும்பி வந்து, பெயர்த் துண்டுகள் கட்டிய கம்பிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கப்பல் நாளில் கரண்ட் போய் இது நின்றிருந்தா?"

"இதே கதிதான். ஆனா உட்கார்ந்து சரிபண்ண நேரம் இருந்திருக்காது."

"அடுத்த வருஷமும் பூஜை போடு" என்று அண்ணனிடம் சொன்னார். என்னிடம், "கே.எல்.லுக்கு நான் போன் பண்ணப் போறதில்ல" என்றார். அதுதான் எனக்கு வேலை நிரந்தரமான விதம்.

பஸ்ஸில் நானே போய்த் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என் மேலே கோபம் போச்சா?" என்று கேட்டேன்.

"போகல."

"அப்புறம் ஏன் வந்தே?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீயும் எங்களை மாதிரி மைக்ரோஸ்கோப்பிலேயிருந்து வந்தவள்தானே. ஒருத்தியை அங்கே திருப்பி அனுப்ப விட்டா, அடுத்து யாரைன்னு பார்ப்பாங்க."

உன் கண் எப்படியிருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். உதறிவிடவில்லை.

திங்கள் காலை எல்லாத் திரையும் எரிந்தது. நான் முதலில் செய்த வேலை, புத்தகத்தில் குழுக்களைப் பற்றிய பகுதியை எடுத்தது. ஆளுக்கொரு கடவுச்சொல் இருக்கலாம், ஆனால் பதியும் ஆர்டர்களையெல்லாம் ஒரே குழுவின் பெயரில் சேர்க்கலாம் என்று அதில் இருந்தது. அதுவும் புத்தகப்படிதான். அந்தப் பகுதியை நான் அதுவரை அவசர அவசரமாகத் தள்ளிக்கொண்டே போயிருந்தேன். மேலாளரிடம் போய், இனி ஆர்டர் பிரிவுக்குத் தனித்தனிக் கணக்கு வராது, பிரிவுக்கு மொத்தமாக ஒன்றுதான் வரும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆர்டர் சரியாப் போகுதா?" என்று கேட்டார். போகிறது என்றேன். சரி என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

ஓய்வு பெறும்வரை அந்தப் பெட்டிகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். பெட்டிகள் மாறின, கம்பிகள் மாறின, அந்தக் குழுவை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுப் பெட்டிக்கு என் கையாலேயே மாற்றினேன். அதில் பெயர் இருந்த ஒருத்திகூட மைக்ரோஸ்கோப்புக்குத் திரும்பிப் போகவில்லை.